பழைய நோய் எழும்பலாம்

மருந்துக்கடைப் பையோடு பின்னடித்த தாள்
எட்டுப் பக்கம்.
லோரன்ஸ் கிழக்குப் பேருந்தில்
வாசித்துக்கொண்டு போகிறேன்.
ஊசி போட்ட இடம் சிவக்கலாம்.
காய்ச்சல் வரலாம்.
சின்னக் காயமும் சீழ் வைக்கலாம்.
உறங்கும் பழைய நோய் எழும்பலாம்.
எல்லாம் லாம், லாம் என்று முடிகிறது;
சம்பந்தம் பேச வந்தவர்கள்போல
ஒன்றையும் உறுதியாய்ச் சொல்லவில்லை.

முதல் மருந்துக்கு நாலு பக்கம்தான்.
மருந்தாளர் பர்வானே
பெட்டியில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டாள்:
வெள்ளிக்கிழமை மட்டும்.
வாரத்தில் ஒரு நாள். எட்டுக் குளிசை. ஒரே தரம்.
"ஒருவர் மறந்துபோய் நாளாந்தம் விழுங்கி,
பத்தாம் நாள்..." என்று தொடங்கியவள்
என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.
சொல்லாமல் விட்ட அந்த மிச்சம்தான்
ஒவ்வொரு வெள்ளியும் எனக்கு அலாரம்.

வெள்ளிக்கு விரதம் இருந்த வயிறு.
வெறும் வயிறு குமட்டுகிறதென்று
அவித்த முட்டை சாப்பிடத் தொடங்கினேன்.
அம்மனுக்கு விளங்கும்.
சனி முழுக்க ஓங்காளம், படுக்கை.
ஞாயிறு வேலை.

வேலை என்றால்
சூப்பர்மார்க்கெட்டின் பின்பக்கம்
பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதுவது.
பதினாலு வருஷம்.
விடிய ஐந்து மணிக்கு விரல்கள்
துருப்பிடித்த கேற் மாதிரி நிற்கும்.
சுடுதண்ணீர்க் குழாயின் கீழே
ஒவ்வொன்றாய்க் கெஞ்சித் திறக்கவேணும்.
நீளமான பெயர் வந்தால் மரிவிக்கிடம் தள்ளுவேன்.
லியோ, மியா, ஏவா எனக்கு.
பிள்ளைகளுக்குச் சின்னப் பெயர் வைத்த
தாய்மாருக்கு நன்றி.

பொய் சொல்லக்கூடாது, குளிசை கேட்டது.
மூன்றாம் மாதம் ஒரு நாள்
அலெக்ஸாண்ட்ரியா முழுவதும் நானே எழுதினேன்,
வால் சுழித்து, பூ வைத்து.
அதே கிழமை
சீப்பில் ஒரு கைப்பிடி மயிர்.
நாக்கின் ஓரத்தில் மூன்று புண்.
ரத்தப் பரிசோதனைத் தாளில்
ஈரலின் இலக்கம் தடித்த கறுப்பில்.

மருத்துவர் என்னை யோகா என்பார்.
யோகமலரின் மலர்
இந்தக் குளிருக்கு உதிர்ந்து கனகாலம்.
"இதை நிறுத்துவோம். அடுத்தது ஊசி.
வீக்கத்தை அடக்கும்,
உடம்பின் காவலையும் குறைக்கும்.
முதலில் ஒரு சோதனை,
உள்ளே எங்கேனும் காசம் உறங்குகிறதா என்று."

உறங்கிக்கொண்டிருந்தது.

தாதி படிவம் நிரப்பினாள்.
எந்த நாடு, எந்த ஆண்டு, யாரோடு இருந்தாய்.
பாங்கொக். தொண்ணூற்றாறு.
ஒரு அறையில் பதினொரு பேர்,
ஏஜென்டின் தொலைபேசிக்காக.
மின்விசிறிக்குக் கீழே படுக்கச் சண்டை.
சந்திரமோகன் என்றொருவர்
சுவரைப் பார்த்தபடி இரவிரவாய் இருமினார்.
சத்தம் வெளியே போனால் போலீஸ் வரும்,
தலையணையை வாயில் வைத்துக்கொள்ளுங்கோ என்றோம்.
நானும் சொன்னேன்.
வைத்துக்கொண்டார்.

அவர் கனடா வந்துசேர்ந்தாரோ தெரியாது.
அவருடைய மூச்சு வந்துசேர்ந்தது,
விசா இல்லாமல், என் நெஞ்சுக்குள்.
இருபத்தெட்டு வருஷம் சத்தம் போடவில்லை.
அவ்வளவு நன்றாய்ப் பழக்கியிருக்கிறோம்.

ஒரு மாதமாய் அதற்கு வேறொரு குளிசை.
இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது.
சிறுநீர் செம்மஞ்சள், வியர்வை செம்மஞ்சள்.
கண்ணீரும் அந்த நிறத்தில் வரலாம், பயப்படவேண்டாம்
என்று அதன் தாளில் இருந்தது.
நான் சோதித்துப் பார்க்கவில்லை.

ஊசித் தாளின் எட்டாம் பக்கத்தில்
ஒன்றும் இல்லை. குறிப்புகளுக்கென்று
ஆறு கோடு மட்டும்.
பேனையை எடுத்து, முழங்காலில் தாளை வைத்து,
சந்திரமோகன் என்று எழுதினேன்.
எழுத்து கோணல்; பேருந்து ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம்.
யாரும் ஓடர் கொடுக்காத பெயர்.

தலையைத் தூக்கினால்
இறங்கவேண்டிய தரிப்பு மூன்று முன்னாலே போய்விட்டது.
பனிக்குள் நடக்கவேணும்.
பையில் ஊசி.
குளிரவேணுமாம், உறையக்கூடாதாம்.
கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.